ஆறாம் நம்பர் துணி

1. எஞ்சின் வந்த நாள்

எஞ்சின் வீட்டுக்கு வந்த அன்றே பழைய இரும்பு லாரியும் வந்தது.

எஞ்சின் புக்கிட் தெங்காவிலிருந்து வந்தது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பிளாக்கைப் போர் பண்ணி, ஹெட்டைச் சீவி, கிராங்க்கைத் தேய்த்து வாங்கினேன். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. அந்தப் பட்டறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து நானே கோர்த்தேன். பிறகு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, மூன்று பைப் நட்டு, செயின் பிளாக்கில் தொங்கவிட்டேன். வண்டி பக்கத்தில் பானெட் இல்லாமல் நின்றது.

அப்போதுதான் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. பெசி புரோக் லாரி. மலாய், ஹொக்கியன், தமிழ் என்று மூன்று மொழியிலும் சொல்லும். பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய ஃபிரிஜ். லாரிக்காரர் பெயர் மணியம். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். லாரி என் கேட்டுக்கு முன்னால் நின்றது. நான் கூப்பிடவில்லை.

மணியம் இறங்கித் தொங்கும் எஞ்சினைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டையும் சேத்து ஏத்திக்கவா? இல்ல இன்னிக்கு எஞ்சின், அடுத்த வாரம் பாடியா?"

"இது போடுறதுக்கு."

"போடுறதுக்கா?" வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார். "சரிண்ணே. நமக்கு அவசரம் இல்ல. வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருவேன்."

போய்விட்டார். ஸ்பீக்கரை மட்டும் கேட்டைத் தாண்டிய பிறகுதான் மறுபடி போட்டார். மரியாதை தெரிந்தவர்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு சரி. பிறகு மாக் மண்டினில் ஒரு ஒர்க்‌ஷாப். முப்பத்து நாலு வருஷம். இப்போது வேலையை விட்டு வீட்டில்தான். இங்கே மெக்கானிக்கைப் போமன் என்பார்கள். எனக்கும் அதுதான் பெயர். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி எழுதினால்தான் வந்து சேரும்.

அப்போது தினமும் மோட்டார் சைக்கிளில் போய், அக்கரைக்கு ஃபெர்ரி ஏறுவேன். சாயங்காலம் அதே மோட்டாரில் திரும்புவேன். கார் வாங்கியதில்லை. ஓட்டிய கார் எல்லாம் அடுத்தவர் கார். டெஸ்ட் பண்ணப் பத்து நிமிஷம். சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். சீட் நன்றாக இருக்கிறதா என்று யோசித்ததில்லை.

என் மனைவி பாக்கியம் முப்பது வருஷம் என் பின்னால் மோட்டாரில் உட்கார்ந்து வந்தாள். போன வருஷம் அவள் முட்டி கெட்டுப்போனது. காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. டாக்டர் மோட்டார் கூடாது என்றார். சின்னதாக ஒரு காடி, அதாவது கார், வாங்கலாம் என்றாள் பாக்கியம். பசாருக்குப் போக, கோயிலுக்குப் போக.

நான் ஃபோர்வீல் வாங்கினேன். வண்டிக்கு இருபத்தைந்து வயது. டீசல், டர்போ. பழைய கஸ்டமர் ஒருவருடையது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி எஞ்சினைச் சாகடித்துவிட்டார். அந்த வண்டிக்கு நான் பதினைந்து வருஷம் வேலை செய்திருக்கிறேன். பாடி நல்ல பாடி. தூக்கிப் போட மனம் வரவில்லை.

டோ லாரியில் வந்து இறங்கியபோது பாக்கியம் திட்டவில்லை. கதவைத் திறந்து, சீட்டின் உயரத்தைப் பார்த்தாள். தன் முட்டியைப் பார்த்தாள்.

"இதுல ஏற ஏணி வேணும்."

"படி வெல்டிங் பண்ணித் தர்றேன்" என்றேன். செய்தும் கொடுத்தேன். எஞ்சின் போடுவதற்கு முன்பே படி தயார்.

2. எட்டுத் துணி

பாக்கியம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் கியூசி. அவள் பார்த்து எழுதாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் ஃபிரிஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எது தீர்ந்தது, எது உடைந்தது, எது காணோம் எல்லாம் அதில் இருக்கும்.

துணி வேண்டும் என்று கேட்டேன். என் பழைய பச்சைக் கட்டக் கைலியை எடுத்தாள். எட்டாகக் கிழித்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டாள். ஒன்றிலிருந்து எட்டு.

"துணிக்கு எதுக்கு நம்பர்?"

"எட்டு போகுது. எட்டு திரும்பி வரணும்."

கைலி நல்ல கைலி. இன்னும் ஒரு வருஷம் கட்டியிருக்கலாம்.

துணி விஷயத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு சட்டம் உண்டு. எஞ்சினில் வாய் திறந்து கிடக்கிற இடத்தை எல்லாம் துணி வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் நட்டு விழும், பல்லி விழும். அடைத்த துணியில் ஒரு முழம் வெளியே தொங்க வேண்டும். அதுதான் வால். மூடும்போது யார் கண்ணிலாவது பட வேண்டும் என்பதற்காக. எங்கள் தவுக்கே, முதலாளி, ஒரு வயசான சீனர். சாயங்காலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து வருவார். வால் இல்லாத துணியைக் கண்டால் இரண்டே வார்த்தை. "எக்கோர் மானா?" வால் எங்கே என்று அர்த்தம். மாட்டிக்கொண்டவன் அன்று எல்லோருக்கும் தே, அதாவது டீ, வாங்க வேண்டும்.

முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. நிறையப் பேரை வாங்க வைத்திருக்கிறேன். தவுக்கே இல்லாத நாளில் நானே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றுவேன்.

எஞ்சினை ஒரு புதன்கிழமை இறக்கினேன். மவுண்டிங் உட்கார்ந்தது. கியர்பாக்ஸ் சேர்ந்தது. ஐந்து வாயிலும் துணி வைத்தேன். ஐந்துக்கும் வால் விட்டேன். மிச்சம் மூன்று துணி கை துடைக்க.

நாலு மணிக்கு மழை வந்தது. சும்மா மழை இல்லை, மலைப் பக்கத்து மழை. ஒர்க்‌ஷாப்புக்குக் கூரை உண்டு. என் வீட்டு முன்கூரை வண்டியின் கண்ணாடி வரைதான் வரும். எஞ்சின் பக்கம் வானம். கன்வாஸை இழுத்துப் போட்டேன். கன்வாஸ் விளிம்பிலிருந்து தண்ணீர், எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் மேல் கொட்டியது. மற்ற நாலும் கீழே இருந்தன, அவற்றுக்கு ஆபத்து இல்லை. இன்டேக் வாய் மட்டும் மேல் பார்த்து இருந்தது. தொங்குகிற வால் விளக்குத் திரி மாதிரி. தண்ணீரை இழுத்து உள்ளே விடும். புது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. வாலைச் சுருட்டி விரலால் உள்ளே தள்ளினேன். மேலே பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் கட்டினேன். சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. மணியம் லாரியை நிறுத்திவிட்டுக் கேட் மேல் கை வைத்து நின்றார்.

"உள்ள போயிருச்சாண்ணே எஞ்சின்?"

"போயிருச்சு."

"சத்தம் போட்டுப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"மெதுவாப் பாருங்க. அந்தப் பேட்டரி மட்டும் பழசு போல. அது எனக்குத்தானே?"

பேசிக்கொண்டே பிளாஸ்டிக் பையைக் கழற்றினேன். ஹோஸை மாட்டினேன். கிளாம்ப்பை இறுக்கினேன். மற்ற நாலு துணியையும் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டேன். பேட்டரியை அவருக்குக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் பாக்கியம் துணி துவைத்துக் காயப்போட்டாள். எண்ணினாள்.

"ஏழுதான் இருக்கு. ஆறாம் நம்பர் எங்க?"

"இருக்கும்."

"இருக்கும்னா எங்க இருக்கும்?"

"எங்கயாச்சும்."

"எங்க ஃபேக்டரில 'எங்கயாச்சும்'னு எழுதினா மேனேஜர் கூப்பிட்டு நிக்க வச்சிருவாரு."

"இது ஃபேக்டரி இல்ல."

அவள் ஃபிரிஜ் தாளில் எழுதினாள். 'துணி 6 – காணோம்.'

3. ஆ ஹோக் சொன்னதும் நான் செய்ததும்

வெள்ளிக்கிழமை காலை புதுப் பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. ஐடிலிங் நன்றாக இருந்தது. புகை இல்லை. ஆயில் பிரஷர் நல்லது. பாக்கியம் கதவருகே நின்று கேட்டாள். உள்ளே போய் எனக்கு முட்டை பொரித்தாள்.

பக்கத்து வீட்டு ஆ ஹோக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இப்போது சும்மா இருக்கிறார். போனில் கார் ரிப்பேர் வீடியோ பார்ப்பார். என்னோடு மலாயில் பேசுவார். நடுவில் நாலு தமிழ் வார்த்தை போடுவார்.

பசார் வரை ஓட்டினேன். நன்றாகப் போனது. மறுநாள் பாயா தெருபோங் தாண்டி, பாலிக் பூலாவ் போகும் மலை ரோட்டில் ஏற்றினேன். முதல் வளைவு மூன்றாம் கியரில் போனது. இரண்டாவது வளைவில் மிதித்தேன். இழுக்கவில்லை. இன்னும் மிதித்தேன். பின்னால் கறுப்புப் புகை. இரண்டாம் கியர், முதல் கியர். நடந்து போகிறவன் என்னைத் தாண்டிப் போயிருப்பான். பின்னால் வந்த மோட்டார்க்காரர்கள் இருமிக்கொண்டே திட்டினார்கள். திருப்பிக்கொண்டு வந்தேன்.

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. இது முதல் வருஷம் படிக்கிற பையனுக்கும் தெரியும்.

ஆ ஹோக் வேலியருகே காப்பியோடு நின்றார். "போமன், ஃபில்டர் லா. ஃபில்டர் ரோசாக்." ஃபில்டர் கெட்டுப்போச்சாம். நான் சிரித்தேன். மத்தியானம் அவர் தூங்கப் போன பிறகு ஃபில்டரை மாற்றினேன். ஏறவில்லை.

அடுத்த நாள், "இஞ்செக்டர் ரோசாக்" என்றார். போனில் வீடியோவும் காட்டினார். ஓர் இந்தோனேசியர் இஞ்செக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற மாதிரிப் பேசினார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து நாலு இஞ்செக்டரையும் மாற்றினேன். ஏறவில்லை.

பிறகு டர்போ என்றார். ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்புகிற பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப்கட் கடை பட்டர்வொர்த்தில் இருக்கிறது. அங்கே போய் டர்போ எடுத்து வந்தேன். அவர் பேச்சைக் கேட்டு மாற்றவில்லை. அவர் சொன்ன பிறகு மாற்றினேன். அவ்வளவுதான்.

டர்போ போட்டதும் ஹோஸில் கேஜ் வைத்துப் பார்த்தேன். காற்று நிறைய வந்தது. முள் நன்றாக ஏறியது. காற்று வருகிறது என்றால் காற்றுப் பாதையில் கோளாறு இல்லை. அந்தப் பக்கத்தை அத்தோடு விட்டேன். கேஜ் வைத்த இடம் ஹோஸின் இந்தப் பக்கம். எஞ்சின் ஹோஸின் அந்தப் பக்கம். இது இப்போது சொல்கிறேன்.

கழற்றிய பழைய சாமான் வாசல் மூலையில் குவிந்தது. மணியம் ஒவ்வொரு வியாழனும் அந்தக் குவியலை எட்டிப் பார்ப்பார். வளர்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

பாக்கியமும் விடவில்லை. சோறு போடும்போது கேட்பாள்.

"ஆறாம் நம்பர் கெடச்சுதா?"

"நான் பம்ப் டைமிங் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ துணியக் கேக்குற."

"நான் எனக்குத் தெரிஞ்சதக் கேக்குறேன்."

4. தட்டு பதினொன்று

என் தங்கை சரசு பாலிக் பூலாவில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். சீர்த்தட்டு நான் கொண்டுபோக வேண்டும். மாமன் மாலை போட்டுக் கூட்டி வராமல் பெண் மணவறைக்கு வர மாட்டாள். முகூர்த்தம் ஞாயிறு காலை பத்தரை.

ஒரு வாரத்துக்கு முன்னால் சரசு போன் போட்டாள்.

"அண்ணே, பதினோரு தட்டு. வேன் அனுப்பட்டா?"

"வேணாம். காடியில வர்றோம்."

"எந்தக் காடி?"

"என் காடி."

"அண்ணே, அது ஓடுதா?"

"ஓடும்."

"ஓடும்னா, இப்ப ஓடலையா?"

போனை வைத்துவிட்டேன். பாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபிரிஜ் பக்கம் போனாள். பேனாவை எடுத்தாள்.

"ஒரு முடிவு பண்ணிக்குவோம். ஞாயித்துக்கெழம அந்தக் காடி மலை ஏறி என்னையும் தட்டையும் கொண்டுபோய்ச் சேத்துச்சுன்னா, அது இங்கேயே இருக்கட்டும். நானே அதுக்கு மாலை போடுறேன். ஏறலைன்னா வியாழக்கெழம மணியம் வருவாரு. ஏத்திக் குடுத்துருவோம். சரியா?"

"சரி."

"எழுதட்டா?"

"எழுது."

எழுதினாள். 'துணி 6 – காணோம்' என்பதற்குக் கீழே 'காடி – ஞாயிறு பார்க்க.'

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. மணியம் ஏற்றிப் போனால் மிச்சம் மோட்டார்தான். அவளை ஏற்றிக்கொண்டு போக முடியாத மோட்டார்.

வியாழக்கிழமை டீசல் பம்ப்பின் டைமிங்கைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். சாயங்காலம் தனியாக மலைக்குப் போனேன். ஏறியது. புகை இல்லை. உச்சி வரை மூன்றாம் கியர். மேலே நிறுத்தி ஒரு இளநீர் குடித்தேன். டைமிங்தான் கோளாறு என்று நினைத்தேன். அன்று ஆறாம் நம்பர் உள்ளே ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தது. எனக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வந்து, "ஏறிருச்சு" என்றேன்.

"நான் பாக்கல" என்றாள் பாக்கியம். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

5. பாதி மலை

ஞாயிறு காலை எட்டே முக்கால். நான் பட்டு வேட்டி. பாக்கியம் மாம்பழக் கலர் பட்டு. ஆ ஹோக்கும் வந்தார். பத்திரிகை வைத்திருந்தோம். பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். தட்டுகளை அவரைச் சுற்றி அடுக்கினோம். வாழைப்பழத் தட்டு வைக்க இடம் இல்லை. அவர் மடியில் வைத்தோம். அவர் முகம் மட்டும் பழத்துக்கு மேலே தெரிந்தது.

பாக்கியம் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். படியில் கால் வைத்து ஏறினாள். முட்டி வலிக்கவில்லை என்று நினைக்கிறேன். வலித்தால் சொல்லியிருப்பாள். நாலு பழமும் நசுங்கின.

பாயா தெருபோங் வரை நன்றாகப் போனது. மலையில் முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பாக்கியம் மெதுவாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது வளைவில் ஏற்றம் செங்குத்து. மிதித்தேன்.

இழுக்கவில்லை.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஆ ஹோக் தெரியவில்லை, பழம் தெரிந்தது. பழத்துக்குப் பின்னால் கறுப்புப் புகை. முதல் கியருக்கு வந்தேன். வண்டி இருமியது. நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

மணி ஒன்பது இருபது.

பானெட்டைத் திறந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எல்லாம் புதிது. எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

சரசு வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். பக்கத்தில் வேகம் குறைத்தார்கள். ஜன்னலில் ஒரு தலை.

"மாமா, காத்து வாங்குறீங்களா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். போய்விட்டார்கள். கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாக்கியமும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆ ஹோக் பழத்தட்டோடு இறங்கி வந்து எஞ்சினைப் பார்த்தார்.

"என்ன ரோசாக்?" என்று நானே கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "தா தாவ் லா, போமன். செமுவா சுடா துக்கார்." தெரியாது, எல்லாவற்றையும்தான் மாற்றியாகிவிட்டதே என்றார். முதல் தடவையாக அவரிடம் வைத்தியம் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பாக்கியம் கதவைத் திறந்து, நான் வெல்டிங் பண்ணிய படியில் உட்கார்ந்தாள். சேலை மண்ணில் படாமல் மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"இங்க வாங்க. ஒக்காருங்க."

"முகூர்த்தம் பத்தரைக்கு."

"அஞ்சு நிமிஷம். எங்க லைன்ல மெஷின் நின்னா மொதல்ல யாரும் எதையும் தொடக் கூடாது. மொத நாள்லேருந்து சொல்லணும். யாரு தொட்டா, எதத் தொட்டா. சொல்லுங்க."

"எல்லாத்தையும் நான்தான் தொட்டேன்."

"அப்ப சுலபம். ஆரம்பிங்க."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். பட்டு வேட்டி. ஆ ஹோக் பழத்தோடு நின்றார்.

"எஞ்சின எறக்குனேன். மவுண்டிங் போட்டேன். கியர்பாக்ஸ் சேத்தேன்."

"அப்புறம்?"

"வாயெல்லாம் துணி வச்சு அடைச்சேன்."

"எத்தனை வாய்?"

"அஞ்சு."

"எடுத்தது எத்தனை? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"எக்ஸாஸ்ட்ல ஒண்ணு எடுத்தேன். தண்ணி ஹோஸ் ரெண்டு, எடுத்தேன். டர்போ ஆயில் பைப்புல ஒண்ணு, எடுத்தேன்."

"நாலு."

"இன்டேக்ல ஒண்ணு. மழை வந்துச்சு. வால் நனையக் கூடாதுன்னு உள்ள தள்ளி..."

நிறுத்தினேன்.

மலையில் ஒரு குரங்கு எங்கேயோ கத்தியது. பாக்கியம் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஆறாம் நம்பர்" என்றாள். அவ்வளவுதான்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்குரூடிரைவரும் குறடும் எப்போதும் இருக்கும். கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸைப் பிடுங்கினேன். இன்டேக்குக்குள் இரண்டு விரல் விட்டேன். மெத்தென்று பட்டது. குறடால் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பாதி கறுப்பு, பாதி பச்சைக் கட்டம். மூலையில் 6. நல்ல பேனா. அழியவில்லை.

மெதுவாகப் போனால் ஓரமாகக் கிடக்கும். ஏற்றத்தில் மிதித்தால் காற்று தள்ளி, வாயைப் போய் மூடிக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்ததால் வால்வுக்குள் போகவில்லை. அவள் கைலியை எட்டாகக் கிழித்தாள். பதினாறாகக் கிழித்திருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

ஆ ஹோக் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றை எடுத்தார்.

"ஐயோ" என்றார்.

கை முழுக்க ஆயிலும் கரியும். துடைக்க வேறு துணி இல்லை. ஆறாம் நம்பரிலேயே துடைத்தேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். மிதித்தேன். வண்டி எகிறியது. பின்சீட்டில் லட்டுத் தட்டு சரிந்து, ஆ ஹோக் காலால் பிடித்தார். மூன்றாம் கியரில் உச்சிக்கு ஏறியது. இறங்குவதற்கு முன்னால், உச்சியில் இளநீர் குடிக்க நின்ற அந்த வேனைத் தாண்டினோம். நான் கை காட்டவில்லை. பாக்கியம் காட்டினாள்.

பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டபம். சரசு வாசலுக்கு ஓடி வந்தாள். முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகு என் கையை.

"அண்ணே, கை என்ன இப்படி இருக்கு?"

"இன்ஸ்பெக்‌ஷன் இருந்துச்சு" என்றாள் பாக்கியம்.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகத்துக்குள் போனது போகவில்லை. பெண்ணுக்கு மாலை போடும்போது போட்டோக்காரர், "மாமா, கைய மாலைக்கு உள்ள மறைச்சுக்குங்க" என்று நாலு தடவை சொன்னார். ஆல்பத்தில் எனக்குக் கையே இல்லை. சீர்வரிசைப் படத்தில் லட்டுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் ஆ ஹோக் சிரித்துக்கொண்டு நிற்பார்.

6. வியாழக்கிழமை

மணியம் வந்தார். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டிக்கு முன்னால் ஒரு சாமந்தி மாலை தொங்கியது. பாக்கியம் சொன்னபடி போட்டிருந்தாள்.

"இத நான் ஏத்த முடியாது போல" என்றார்.

"முடியாது" என்றேன்.

பாக்கியம் மூலையில் கிடந்த குவியலைக் காட்டினாள். "இத எடுத்துக்குங்க தம்பி."

மணியம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். இருபது வருஷம் பழைய இரும்பு பார்த்தவர். டர்போவை விரலால் சுற்றினார். சுற்றியது. இஞ்செக்டரைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது ஒண்ணும் கெட்டுப் போகலையே. டர்போ பட்டு மாதிரி சுத்துது. இதையெல்லாம் கழட்டச் சொன்னது யாரு?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆ ஹோக் காப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

நான் மோட்டாரை எடுத்தேன். முனைக் கடைக்குப் போய் நாலு தே தாரிக், நுரை வர ஆற்றிய டீ, பையில் கட்டி வாங்கி வந்தேன். மணியத்துக்கு ஒன்று, பாக்கியத்துக்கு ஒன்று. வேலியைத் தட்டி ஆ ஹோக்கைக் கூப்பிட்டு அவருக்கு ஒன்று.

"என்ன விசேஷம்ணே?" என்றார் மணியம்.

"ஒண்ணும் இல்ல. குடிங்க."

பாக்கியத்துக்குத் தெரியும். தவுக்கே கதையை அவளுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன். தேயைக் குடித்துவிட்டு உள்ளே போனாள். ஃபிரிஜ் தாளில் 'காணோம்' என்பதை அடித்துவிட்டு எழுதினாள். 'துணி 6 – கிடைத்தது. இடம்: எஞ்சின்.' அந்தத் தாளை அவள் இன்னும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் படிக்கிறார்கள்.

வேலை கற்கிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். கோளாறு தேடும்போது கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று முதலில் கேளுங்கள். அது நீங்களாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். இன்னொன்று, வால் வெளியே தொங்கட்டும். மழை வந்தால் எஞ்சினுக்குக் குடை பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஊர் சிரிக்கும். அது பரவாயில்லை.

வாலை மட்டும் உள்ளே தள்ளாதீர்கள்.